கண் கூசாத வெளிச்சம்

வெளிச்சம் நல்லது, இருட்டு கெட்டது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கோவிலிலும் சொன்னார்கள், பள்ளிக்கூடத்திலும் சொன்னார்கள், மேடைகளிலும் சொன்னார்கள். அறிவு என்றால் ஒளி, அறியாமை என்றால் இருள், விடுதலை என்றால் விடிவு. இந்த உவமைகளைத் தொடாமல் தமிழில் ஒரு சொற்பொழிவை முடிப்பது கடினம். ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் பிறந்து, தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளர்ந்த எங்களைப் போன்றவர்களின் உடம்பு கற்றுக்கொண்ட பாடம் வேறு. இரவில் ஹெலியின் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைக்க வேண்டும். இருட்டு எங்களை மூடிக் காத்தது. வெளிச்சம் காட்டிக்கொடுத்தது.

ஆகவே வெளிச்சம் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. எந்த வெளிச்சம், யாருடைய கையில், யாருடைய முகத்தில் விழுகிறது என்றே கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி எங்களுக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை. டென்மார்க்கில் றெஸ்ரோரன்ற் குசினிகளில் வேலை செய்து, ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் மூன்று பேர், பதினொரு திங்கட்கிழமைகள் செலவழித்து, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட ஒரு மர விளக்குச் செய்தோம். செய்யச் செய்யத்தான் கேள்வி தெளிவானது. அதை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

*

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதன் பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டு, வாங்க முடியாத விலைக்குப் போனது. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. ஒரு வெறும் ஜாம் போத்தல். அடியில் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் நூல் திரியைச் செருகி, ஒரு கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் இறக்கிவிட்டால் சரி. போத்தலின் கண்ணாடியே காற்றை மறிக்கும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் செலவாகும்.

அந்தச் சுடர் இரண்டு கொப்பிகளுக்கு மேல் எட்டாது. அதனால் சகோதரங்கள் தலையோடு தலை முட்ட இருந்து படித்தார்கள். ஒருவர் எழுதும்போது மற்றவரின் நிழல் கொப்பியில் விழுந்தால் சண்டை வரும். சண்டை முடிய இடம் மாறி இருப்பார்கள். ஒரு தலைமுறை அந்தப் போத்தலின் முன்னால் இருந்து ஓ.எல். எடுத்தது, ஏ.எல். எடுத்தது, பல்கலைக்கழகத்துக்கும் போனது. எங்களில் ஒருவர் அப்படிப் போய், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, 2008இல் இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்ற விதியை அவர் முதலில் அந்தப் போத்தலில்தான் கண்டாராம். இரண்டு மடங்கு தள்ளி இருந்தால் நாலில் ஒரு பங்கு வெளிச்சம். ஏன் எல்லாரும் அண்டி அண்டி இருந்தோம் என்பதற்கு அந்த விதியே போதும்.

எங்களுடைய இன்னொரு வெளிச்சம் ரோச் லைற். சுற்றிவளைப்பிலும் சோதனைச் சாவடியிலும் அது முகத்துக்கு நேரே பிடிக்கப்படும். கண்மணி சுருங்கிவிடும். எதிரில் நிற்பவரின் கை தெரியாது, முகம் தெரியாது, அவர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. ரோச்சை அணைத்த பிறகும் கண்ணுக்கு இருட்டு முழுதாகப் பிடிபட இருபது முப்பது நிமிடங்கள் எடுக்கும். அதாவது, ஒருவரைக் குருடாக்குவதற்கு அவரிடமிருந்து வெளிச்சத்தைப் பறிக்க வேண்டியதில்லை. அளவுக்கு மேல் கொடுத்தால் போதும். பிடித்திருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், பிடிக்கப்பட்டவர் ஒன்றையும் பார்ப்பதில்லை. அதிகாரம் என்றால் என்ன என்று யாரும் கேட்டால் இதைவிட எளிய விளக்கம் எங்களிடம் இல்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோச்சைப் பிடித்திருந்த கை எல்லாக் காலத்திலும் சிங்களக் கையாக இருக்கவில்லை. எங்கள் இயக்கங்களின் விசாரணை அறைகளிலும் வெளிச்சத்தின் ஒழுங்கு இதுவாகத்தான் இருந்தது.

ஒன்று நடுவில் வைத்த வெளிச்சம். மற்றது ஒருவர் மற்றவருக்கு நேரே பிடித்த வெளிச்சம். இந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் அடி.

*

நாங்கள் வேலை செய்யும் இடங்களிலும் வெளிச்சம் இரண்டு வகை. முன்பக்கம் விருந்தினருடையது. அங்கே ஒவ்வொரு மேசைக்கு மேலும் ஒரு விளக்குத் தாழ்வாகத் தொங்கும், மேசையில் ஒரு மெழுகுதிரி எரியும். பின்னேரம் ஆறு மணிக்குச் சுவரிலுள்ள குமிழைத் திருகி வெளிச்சத்தை இன்னும் இறக்குவார்கள். டெனிஷ்காரரிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. 'ஹுகெ' என்பார்கள். நெருக்கமும் சுகமும் ஆறுதலும் சேர்ந்த ஒரு நிலை. குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கு முன்னரே இருண்டுவிடும் நாட்டில் அந்தச் சொல் ஏன் பிறந்தது என்பதை விளங்கிக்கொள்ளலாம். அதை நாங்கள் நக்கலடிக்கவில்லை.

பின்பக்கம் எங்களுடையது. ரியூப் லைற் வரிசையாக எரியும். துருவில்லா உருக்கு மேசை, வெள்ளை ஓடு பதித்த சுவர், ஈரத் தரை என்று எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் வரும். கத்தி பிடிக்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் வேண்டும் என்பது சரி. அதற்கு வெள்ளையான வெளிச்சம் தேவை என்பதும் சரி. ஆனால் வெட்டும் பலகையில் விழ வேண்டியது ஏன் நெற்றியில் விழ வேண்டும்? பத்து மணித்தியாலம் அதன் கீழே நின்றுவிட்டு வெளியே வந்தால் கண் எரியும், தலை இடிக்கும். கோப்பை கழுவும் மூலையில் ஒரு ரியூப் மாதக்கணக்கில் விட்டுவிட்டு எரிந்த இடமும் எங்களுக்குத் தெரியும்.

இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கதவு. கதவு திறக்கும்போதெல்லாம் எங்கள் வெளிச்சத்தின் ஒரு துண்டு மண்டபத்துக்குள் விழும். அது விருந்தினருக்குப் பிடிக்காது என்று, கதவுக்கு முன்னால் ஒரு தடுப்பு வைக்கும்படி முதலாளிகள் சொல்வார்கள். அப்போது ஒன்று விளங்கும். மெல்லிய வெளிச்சத்தில் இரண்டு பேர் மனம்விட்டுக் கதைப்பதற்கு, இன்னும் நாலு பேர் வேறொரு வெளிச்சத்தில் கண் எரிய நிற்க வேண்டியிருக்கிறது. முன்பக்க மென்மை பின்பக்கத்தை மறைக்கிறது.

எனவே மெல்லிய வெளிச்சம் என்றாலே நல்லது என்று சொல்லிவிட முடியாது. அழகு என்ற பெயரில் அது ஒரு தடுப்பாகவும் வேலை செய்யலாம். இந்தச் சந்தேகத்தோடுதான் விளக்குச் செய்யத் தொடங்கினோம்.

*

டென்மார்க்கில் விளக்கைப் பற்றிக் கதைப்பவர் யாரும் போல் ஹென்னிங்சனைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. 1894இல் பிறந்து 1967இல் இறந்தவர். சிறுவயதில் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்தவர். மின்குமிழ் வந்தபோது, வீடுகள் பிரகாசமாகிவிட்டன என்று மற்றவர்கள் மகிழ, அது கண்ணைக் குத்துகிறது என்று இவர் கோபப்பட்டார். மின்சாரத்தை விட்டுவிட்டுப் பழையதற்குத் திரும்புவோம் என்று அவர் சொல்லவில்லை. மின்குமிழின் வெளிச்சத்தை மண்ணெண்ணெய் விளக்கின் குணத்துக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்த்தார். 1920களின் நடுவில் மூன்று மறைப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அவற்றின் வளைவை மடக்கைச் சுருளின்படி அமைத்து, குமிழ் கண்ணுக்குத் தெரியாமல் வெளிச்சம் மட்டும் வெளியே வரச் செய்தார். இன்றும் இங்கே வீடுகளில் அந்த விளக்குகள் தொங்குகின்றன.

1958இல் கொப்பன்ஹேகனில் லாங்கலினி என்ற இடத்திலிருந்த ஒரு றெஸ்ரோரன்றுக்காக இன்னொன்று செய்தார். 72 செப்பு இலைகள், பன்னிரண்டு வரிசைகளில். எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் உள்ளே எரியும் குமிழ் தெரியாது. உலகம் அதை ஆட்டிசோக் விளக்கு என்கிறது. டெனிஷ்காரர் பைன்காய் என்கிறார்கள். விலையைச் சொன்னால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், எங்கள் பல மாதச் சம்பளம்.

ஆனால் எங்களை அவரோடு நெருக்கமாக்கியவை வேறு இரண்டு விஷயங்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்த பின் இரவில் விளக்கெரிக்கத் தடை வந்தது. மேலே பறக்கும் விமானத்துக்கு நகரம் தெரியக்கூடாது. கொப்பன்ஹேகனிலுள்ள திவோலிப் பூங்காவுக்காக 1941இல் ஹென்னிங்சன் ஒரு விளக்குச் செய்தார். கீழே நடப்பவருக்கு வெளிச்சம் உண்டு, மேலே பறப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த விளக்கினால் பூங்காவை நள்ளிரவுவரை திறந்துவைக்க முடிந்தது. இதை முதன்முதல் வாசித்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். எங்கள் தாய்மார், ஹெலிக்குப் பயந்து ஜாம் போத்தலைச் சுற்றிக் கடதாசியும் பழைய பேணியும் வைத்து மறைத்துத் தேடியதும் இதைத்தான்.

மற்றது, 1943இல் அவர் அகதியானார். கட்டடக் கலைஞர் ஆர்ன ஜேக்கப்சனோடு ஒரு துடுப்புப் படகில் இரவோடு இரவாகக் கடலைக் கடந்து சுவீடனுக்குப் போனார். அந்த வருடத்து ஒக்ரோபரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட டெனிஷ் யூதர்கள் மீன்பிடிப் படகுகளில் கடந்து உயிர் தப்பியதும் அதே நீரிணையைத்தான். மெல்லிய வெளிச்சத்தின் தேசம் என்று இன்று பெருமைப்படும் நாட்டின் விளக்கு மேதை, ஒரு காலத்தில் இருட்டுக்கு நன்றி சொல்லிக்கொண்டு படகில் போயிருக்கிறார். படகில் போவோர் பற்றி இந்த நாட்டில் இன்று நடக்கும் கதைகளைக் கேட்கும்போது இது எங்களுக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

*

இனி எங்கள் விளக்கு.

கழித்துவிட்ட சாமான்களைக் கொட்டும் இடத்தில் ஒரு பழைய மேசையின் கால்கள் கிடைத்தன. ஆஷ் மரம். வெளிறிய நிறம், நீளமான இழை, வளைந்து கொடுக்கும் உறுதி. எங்களில் ஒருவரின் தகப்பன் ஊரில் ஓடாவி. அவர் மரத்தைக் கையில் எடுத்ததும் இழையின் போக்கைப் பார்த்துவிட்டு, "முதிரை இல்லை, ஆனால் குற்றம் சொல்ல ஏலாது" என்றார். கால்களை நீளப்பாட்டில் அறுத்துச் சீவி, மேலே 18 சென்ரிமீற்றர், கீழே 40 சென்ரிமீற்றர் அகலத்தில் இரண்டு சதுரச் சட்டங்கள் செய்தோம். மூலைகளில் ஆணி இல்லை. ஒன்றில் பாதி மற்றதில் பாதி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று இருத்தி, பசை பூசி இறுக்கினோம். இரண்டு சட்டங்களையும் சரிவாக நாலு கம்புகள் இணைத்தன. மொத்த உயரம் 26 சென்ரிமீற்றர்.

வெளிச்சத்தை மறைத்துக் கசியவிடும் வேலைக்கு, கடையில் வாங்கிய பேர்ச் மரச் சீவல். 0.6 மில்லிமீற்றர் தடிப்பு. வெயிலுக்குப் பிடித்தால் தேன் நிறமாகத் தெரியும். ஐந்து சென்ரிமீற்றர் அகலப் பட்டிகளாக வெட்டி, வெந்நீரில் நனைத்தால் முறியாமல் வளையும். இந்தப் பட்டிகளை எப்படி அடுக்குவது என்பதில்தான் இரண்டு திங்கட்கிழமைகள் போயின. முடிவில் கிடுகு வேய்வதைப் போல அடுக்கினோம். மேல் ஓலை கீழ் ஓலையின் தலையை மூடினால் மழை உள்ளே வராது, காற்று மட்டும் வரும். அதே போல, மேல் பட்டி கீழ்ப் பட்டியின் தலையை மூடி, நடுவில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால், குமிழின் கதிர் நேரே வெளியே வராது. கீழ்ப் பட்டியின் மேல் முகத்தில் விழுந்து, மரத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி வெளியே வரும். பசை காயும்வரை பட்டிகளைப் பிடித்திருந்தவை உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள்.

குமிழ் எல்.ஈ.டி. வகை, 470 லூமன், 2700 கெல்வின். பழைய நாற்பது வாற் குமிழின் அளவு வெளிச்சம், ஆனால் அதன் சூடு இல்லை. பழைய குமிழ் என்றால் இந்தச் சீவல் காய்ந்து வெடித்திருக்கும். வயரின் செப்புக் கம்பிகளில் விளக்கின் பாரம் தொங்கக்கூடாது, அதைத் தாங்க மேலே தனியாக ஒரு பிடி வேண்டும். கடைசியாக ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக ஒரு தரம். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்குள் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பது செய்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய விஷயம். தண்ணீரில் ஊறவிட்டுத்தான் எறிய வேண்டும்.

மிகக் கூடுதலான நேரம் போனது குமிழை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில். இங்கே பழக்கத்தில் உள்ள கணக்கு, மேசையிலிருந்து விளக்கின் கீழ் விளிம்புவரை ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். இதைவிட உயர்ந்தால் குமிழ் கண்ணில் குத்தும், தாழ்ந்தால் எதிரில் இருப்பவரின் முகம் மறையும். ஒருவர் கதிரையில் இருக்க, மற்றவர் அவரது கண்ணருகில் இருந்து ஒரு நூலைப் பிடித்து, விளக்கின் கீழ் விளிம்பைத் தொட்டு உள்ளே இழுத்துப் பார்த்தோம். நூல் குமிழில் முட்டினால் குமிழை இன்னும் மேலே ஏற்ற வேண்டும். முன்னுக்குச் சாய்ந்து சாப்பிடுபவருக்கும் ஒரு நூல். பதினாலு சென்ரிமீற்றர் உள்ளே ஏற்றியபோது எந்தக் கதிரையிலிருந்தும் நூல் முட்டவில்லை.

அப்போதுதான் எங்களில் ஒருவர் கேட்டார், "இருக்கிற ஆளுக்குச் சரி. எழும்பி நிண்டு கோப்பை எடுக்கிற ஆளுக்கு?"

நாங்கள் நிற்கிறவர்கள். வேலையில் ஒரு நாளும் மேசையில் இருந்து சாப்பிட்டவர்கள் அல்ல. எனவே நிற்பவரின் கண்ணிலிருந்தும் நூல் பிடித்தோம். மேற்சட்டத்துக்குள் இன்னொரு மறைப்பு வேண்டியிருந்தது. பிறகு வாசலால் உள்ளே வருபவரின் கண்ணிலிருந்தும் ஒரு நூல். மூன்று கண்களுக்கும் கூசாத இடம் ஒன்று இருந்தது. கண்டுபிடிக்க நேரம் எடுத்தது, அவ்வளவுதான்.

*

விளக்கைத் தொங்கவிட்ட கிழமை ஒரு அண்ணை வீட்டுக்கு வந்திருந்தார். எண்பத்தாறில் வந்தவர், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வடிவாத்தான் இருக்கு தம்பியவை. ஆனா உதை இக்கியாவிலை போய் அஞ்சு நிமிசத்திலை வாங்கலாம். பதினொரு லீவு நாளை உதுக்குள்ளை விட்டிருக்கிறியள். அந்த நாளிலை வேலைக்குப் போயிருந்தா வீட்டை எவ்வளவு காசு அனுப்பியிருக்கலாம்?"

"ஓம் அண்ணை," என்றோம். அதற்கு மேல் அப்போது சொல்ல வரவில்லை.

அவருடைய கேள்வி லேசானது அல்ல. எங்களுக்கு ஏஜென்சிக் கடன் இருந்தது. ஊரில் தங்கச்சியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. காணாமல் போனவரைத் தேடி வெயிலில் இருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இவ்வளவும் இருக்க, அழகான ஒரு பொருளுக்கு நேரம் கொடுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா? இது எங்களுக்கு மட்டுமான கேள்வியும் அல்ல. கவிதை எழுதுபவரும் நாடகம் போடுபவரும், இந்தச் சஞ்சிகையை அச்சிட்டு மடித்துத் தபாலில் போடுபவரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஜெர்மனியிலிருந்து 1933இல் தப்பி, பிரான்சில் தடுப்பு முகாமில் இருந்து, 1941இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த ஹன்னா ஆரென்ட் என்ற தத்துவவாதி 1958இல் வெளியிட்ட ஒரு நூலில், மனிதர் செய்யும் காரியங்களுக்குள் ஒரு வித்தியாசம் காட்டுகிறார். ஒன்று, உயிரோடு இருப்பதற்காகச் செய்து செய்து, செய்த கணமே தீர்ந்துபோகும் பாடு. மற்றது, செய்தவருக்குப் பிறகும் உலகத்தில் நிற்கும் ஒரு பொருளை ஆக்கும் வேலை. குசினியில் நிற்பவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரவு பதினொரு மணிக்கு முந்நூறு கோப்பை கழுவி அடுக்குகிறோம். அடுத்த நாள் அதே முந்நூறும் அழுக்காக வரும். அரிந்த வெங்காயத்தில் ஒரு துண்டும் மிஞ்சாது. பத்து வருட வேலையைக் காட்டு என்று யாரும் கேட்டால் காட்டுவதற்குக் கையிலுள்ள சூட்டுத் தழும்புகளைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் பாடு இழிவானது என்று சொல்லவில்லை. அது இல்லாமல் யாரும் உயிர்வாழ முடியாது. ஆனால் அது ஒன்றே ஒருவருக்கு விதிக்கப்படும்போது, அவர் இந்த உலகத்தில் வசிப்பதில்லை, அதற்குள் செலவாகிறார். அகதி வாழ்க்கையின் மிகப் பெரிய பறிப்பு அதுதான் என்று நினைக்கிறோம். வீடு போனது, காணி போனது என்பவற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு பொருளை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை போனதை யாரும் எழுதவில்லை. எங்களுக்கு வீடு கொடுத்தார்கள், கட்டில் கொடுத்தார்கள், மொழி வகுப்புக் கொடுத்தார்கள். எல்லாம் யாரோ தீர்மானித்தவை. குமிழ் பதின்மூன்றிலா பதினாலிலா என்று நூல் பிடித்துச் சண்டைபோட்ட அந்தத் திங்கட்கிழமையில், பல வருடங்களுக்குப் பிறகு, ஒரு தீர்மானம் எங்களுடையதாக இருந்தது.

இதை அண்ணைக்கான முழுப் பதிலாக நாங்கள் வைக்கவில்லை. தங்கச்சியின் பிள்ளைக்கு அந்த மாதம் காசு குறைந்திருந்தால் இந்தத் தத்துவம் எதுவும் செல்லாது. குறையவில்லை, ஏனென்றால் நாங்கள் கொடுத்தது அனுப்பும் காசை அல்ல, படுத்திருக்கும் நேரத்தை. ஆனால் நித்திரையையும் காசாக்கலாமே என்று கேட்கும் ஒரு கணக்கு எங்கள் சமூகத்துக்குள் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு முடிவு இல்லை. அதற்கு ஓரிடத்தில் கோடு போடாவிட்டால், அனுப்பும் காசு மட்டும் இருக்கும், அனுப்புகிற ஆள் இருக்கமாட்டார்.

*

இனி, மெல்லிய வெளிச்சம் மறைக்குமா என்ற பழைய சந்தேகத்துக்கு வருவோம்.

மறைக்கும். இந்த நாட்டிலேயே, எங்களை வைத்தே அது நடந்திருக்கிறது. 1987இலும் 1988இலும், தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளை அழைப்பதற்குச் செய்த விண்ணப்பங்களை, சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தும், நீதி அமைச்சராக இருந்த எரிக் நின் ஹன்சன் கிடப்பில் போட வைத்தார். விரிப்பின் கீழ் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்று 1989இல் பிரதமர் போல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் உறுதி சொன்னார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தபோது அந்த அரசாங்கமே பதவி விலகியது. 1995இல் அமைச்சருக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. இடைப்பட்ட வருடங்களில் இந்த நாட்டின் மேசைகளில் மெழுகுதிரிகள் அழகாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.

அதே சமயம், மறைந்ததை வெளியே கொண்டுவந்தது ரோச் லைற் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். யாருடைய முகத்திலும் அடித்துக் கேட்கவில்லை. கடுதாசிகளை மேசையில் விரித்து, ஒவ்வொருவராக அழைத்து, சொன்னதை எழுதி, ஆயிரக்கணக்கான பக்கங்களில் வெளியிட்டார்கள். கண்ணைக் கூசாத வெளிச்சம் வேறு, மங்கல் வேறு. ஒரு விளக்கு நல்லதா என்று பார்க்க எங்களிடம் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. அதன் கீழே மீனில் முள் எடுத்துச் சாப்பிட முடிகிறதா? எதிரில் இருப்பவரின் முகத்தைக் கண் சுருக்காமல் பார்க்க முடிகிறதா? முதலாவது மட்டும் இருந்தால் அது எங்கள் குசினி. இரண்டாவது மட்டும் இருந்தால் அது விருந்தினர் மண்டபம். இரண்டும் வேண்டும்.

எங்களைப் பற்றிய உண்மைகளை நாங்கள் என்ன வெளிச்சத்தில் பார்க்கிறோம் என்று இப்போது கேட்கலாம். 2009 மே முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. புலம்பெயர்ந்த எங்களிடம் இன்னமும் இரண்டே பழக்கங்கள் இருக்கின்றன. ஒன்று இருட்டு. அதைப் பற்றிக் கதைக்காதே, எதிரிக்கு உதவும். மற்றது ரோச். நீ யார், எந்தப் பக்கம், அப்போது எங்கே நின்றாய், சொல். இரண்டிலும் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்கு இரண்டு மணித்தியாலங்கள் கொடுக்கப்பட்டன. அவர்கள் விட்டுப்போன வீடுகளில் அன்று இரவு விளக்குகளும் இருந்திருக்கும். அந்த விளக்குகளுக்கு என்ன நடந்தது? அவை பிறகு யாருடைய வீட்டில் எரிந்தன? இந்தக் கேள்வியை ரோச்சாகப் பிடித்தால் எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். கேட்காமல் விட்டால் அது விரிப்பின் கீழ் கிடக்கும். மேசையின் நடுவில் வைத்து, கேட்பவரின் முகமும் தெரியும்படி கேட்க எங்களால் முடியுமா?

எங்களில் ஒருவர் வன்னியிலிருந்து வந்தவர். கடைசி மாதங்களைப் பற்றி எங்களோடு வருடக்கணக்காக ஒரு சொல்லும் பேசாதவர். இந்த விளக்கு அவரைப் பேசவைத்தது என்று எழுதினால் அது பொய்யான அழகாகப் போய்விடும். ஒரு விளக்குக்கு அவ்வளவு சக்தி கிடையாது. நாங்கள் அறிந்தது இவ்வளவுதான்: பதினொரு கிழமையாக அவருடைய கைக்கு ஒரு வேலை இருந்தது, எங்கள் கண்கள் பட்டிகளில் இருந்தன, யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு நாள் தேய்த்துக்கொண்டே கொஞ்சம் சொன்னார். சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடையது. அவர் விரும்பினால் தன்னுடைய பெயரில் எழுதுவார். கேட்டதை எல்லாம் பிடித்துக் காட்டுவதும் ஒரு ரோச் லைற்தான்.

ஆகவே நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பெருமையடிக்காமல், என்னத்தில் விழுகிறது என்பதில் கவனமாக இருக்கும் விளக்கே நல்ல விளக்கு. உண்மையைப் பேசுபவருக்கும் இது பொருந்தும். தன்னுடைய பிரகாசத்தைக் காட்டுவதற்காக உண்மை பேசுபவரின் முன்னால் மற்றவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்னும் ஒன்று. மேசையில் இருப்பவருக்கு மட்டும் இதமான விளக்கு அரை விளக்குத்தான். எங்கள் கூட்டங்களிலும் சஞ்சிகைகளிலும் இருப்பவர்கள் இருக்கிறோம், மைக் எங்களிடம் இருக்கிறது. ஊரில் இன்னமும் நின்றுகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். வாசலில், உள்ளே வரலாமா என்று தயங்கும் ஆட்களும் இருக்கிறார்கள்: துரத்தப்பட்டவர்கள், வேறு இயக்கத்தில் இருந்ததற்காக ஒதுக்கப்பட்டவர்கள், எங்கள் மொழி சரியாகப் பேச வராத எங்கள் பிள்ளைகள். விளக்கை மாட்ட முன்னர் அவர்களுடைய கண்ணிலிருந்தும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான். நூலின் மற்ற நுனியைப் பிடிக்க இன்னொரு ஆளும் வேண்டும்.